யோகக் காட்சியும் மூர்க்க நாயனார் சூதும்

சேய்மையில் நிகழ்வதை இருந்தவிடத்திருந்தே காண்டலும், பிறர் உள்ளக்கிடக்கையை வாய்ச்சொல்லின்றி உணர்தலும், வருவதை முன்னறிந்து கூறலும் ஆகிய ஆற்றல்கள் சிலரிடத்து உளவென்று எந்நாட்டினரும் எக்காலத்தும் சொல்லிவந்திருக்கின்றனர். தமிழ்மக்கள் அவற்றைச் சித்தி என்றும், ஞானதிருட்டி என்றும், குறி என்றும், அருள்வாக்கு என்றும் பலவாறு வழங்குவர். அவை உண்மையோ, உண்மையாயின் எவ்வாறு நிகழ்வன, அவற்றையுடையாரைச் சைவர் எவ்வாறு மதித்தல் வேண்டும் என்னும் வினாக்கள் மூன்றும் ஒன்றோடொன்று மயங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து ஆராய்தல் இன்றியமையாதது.

அவ்வாராய்ச்சிக்கு ஏற்ற நிலைக்களம் தொண்டைநாட்டிலேயே உளது. சென்னையினின்று பூவிருந்தவல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி என்னும் ஊர் இருக்கின்றது. அதன் வடபால், கூவத்தின் கரையில், திருஞானசம்பந்தர் பாடல்பெற்ற திருவேற்காடும், தென்பால் சில கல் தொலைவில், திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் தோன்றிய குன்றத்தூரும் விளங்குகின்றன. வேற்காட்டுக் கருமாரியம்மை குறி சொல்லும் மாதாகச் சூரியன்பாற் சென்றனள் என்று தலவரலாறு கூறும். அவ்வூரிலேயே மூர்க்க நாயனார் அவதரித்தார். சாவடிச் சாலையோரத்தே மருத்துவக் கல்லூரிகள் எழுந்துள்ள இந்நாளிலும், நோயுற்ற மகவைத் தோளிலிட்டு மருத்துவனை நாடுமுன் குறிகாரன் வாயிலை நாடுவார் தமிழ்நாட்டில் இல்லாமற் போகவில்லை. ஆகலின் இஃது ஏட்டளவில் நின்றுவிடும் வினாவன்று.

முதற்கண், இவ்வாற்றல் உண்டென்பதைச் சித்தாந்தம் மறுக்கின்றதோ எனின், இல்லை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்து அளவையியலில் காட்சியளவையை இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நான்காக வகுத்தனர். யோகப் பயிற்சியால் தடையாகிய மலத்தைக் கெடுத்து, இடத்தானும் காலத்தானும் அகன்ற பொருள்களை ஓரிடத்திருந்தே உணர்தல் நான்காவதன் இலக்கணமாம். இதில் நோக்கத்தக்கன இரண்டு. ஆசிரியர் இதனை அற்புதமென விலக்காது, கண்ணாற் காண்டலோடு ஒருங்கு வைத்து அளவையுள் அடக்கினர் என்பது ஒன்று. மலத்தடை நீங்குதலை அதற்குக் காரணமாக வைத்தனர் என்பது மற்றொன்று. காரணமில்வழிக் காரியமும் இல்லை. யோகமும் இன்றி, மலத்தடை நீக்கமும் இன்றி, உரிய கூலி கொண்டவுடன் வருவதாகிய குறி, ஆசிரியர் கூறிய யோகக் காட்சியாகாது.

இனி அது நிகழுமாறு கூறப்படும். ஆன்மா இயல்பில் வியாபக அறிவுடையது. செம்பிற் களிம்புபோல ஆணவமலம் அவ்வறிவை அநாதியே மறைத்து நிற்கின்றது. மறைப்புண்ட அறிவைச் சிறிதளவேனும் விளக்குதற்பொருட்டே கலை, வித்தை, அராகம் முதலிய தத்துவங்களும், மனம் முதலிய அந்தக்கரணங்களும், ஐம்பொறிகளும் மாயையினின்று தோற்றுவித்து இறைவனாற் கூட்டப்பட்டன. கண் எவ்வளவு காட்டுமோ அவ்வளவே ஆன்மா காண்கின்றது. இவ்வெல்லை கருவியினதேயன்றி ஆன்மாவினதன்று. துளையுடைய குடத்துள் வைத்த விளக்கின் ஒளி அத்துளையளவே புறத்துச் செல்லுதல் இதற்கு உவமையாம். யோகி மனத்தை ஒருவழிப்படுத்திக் கருவிகளைத் தூய்மை செய்யுங்கால் துளை அகல்கின்றது. ஒளி சேய்மைக்குச் செல்கின்றது. புதிய ஒளி யாதும் ஆண்டு வந்திலது. காலமும் மாயையினின்று தோன்றி ஆன்மாவை வரையறுக்கும் தத்துவங்களுள் ஒன்றேயாகலின், அவ்வரையறை நெகிழுமிடத்துச் சென்றதும் வருவதும் உணரப்படுதலும் இம்முறையானே அமையும்.

ஆயினும், துளை அகன்றமையாற் குடம் உடைந்ததென்று கொள்ளற்க. உள்ளிருக்கும் விளக்கு ஞாயிறாயிற்றென்றும் கொள்ளற்க. கருவிகளின் வழியே வரும் அறிவு யாவும், நாதமீறாக, பாசஞானம் என்பதே சித்தாந்தத் துணிபு. அணிமா முதலிய எட்டுச் சித்திகளைத் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் விரித்துரைப்பினும், அந்நூலின் முடிபு அவையல்ல. பதஞ்சலியாரும் தம் யோகசூத்திரத்து மூன்றாம் பாதத்தில், இவை புறநோக்குடையார்க்குச் சித்திகளாய்த் தோன்றினும் சமாதிக்கு இடையூறுகளே என்றனர். யோகநூலார்க்கே இது துணிபாயின், ஞானநூலார்க்குக் கூறவேண்டுவதில்லை.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. கண் தானே காணாது. ஆன்மா உடன்நின்று காட்டவும் காணவும் காண்கின்றது. அங்ஙனமே ஆன்மாவும் தானே அறியாது. சிவம் உடன்நின்று காட்டியும் கண்டும் உதவ அறிகின்றது. சிவஞானபோதப் பதினோராஞ் சூத்திரத்து மெய்கண்டார் நிறுவிய பொருள் இதுவே. அருகிலுள்ள சுவரைக் காண்டற்கே இவ்வுதவி வேண்டுமாயின், ஆயிரங் கல்லுக்கு அப்பாலுள்ளதைக் காண்டற்கு வேண்டாமை எங்ஙனம்? ஆகவே, "இஃது என் ஆற்றல்" என்று ஒருவன் கூறியபொழுதே, அவன் எத்துணைத் தூரம் கண்டானாயினும், தன்னை உடனின்று காண்பிப்பவனைக் கண்டிலன் என்பது தெளிவாகும்.

இவ்வாறிருக்க, மேனாட்டு ஆராய்ச்சியாளர் இவ்வாற்றல்களை மெய்ப்பித்துவிட்டனர் என்றும், அதனாற் சைவம் மெய்யாயிற்றென்றும் மகிழ்வார் சைவருள் ஒரு சாரார் உளர். அம்மகிழ்ச்சி நிலையுடையதன்று. பிரமஞான சபையின் தலைமையிடம் 1882-இல் சென்னை அடையாற்றில் அமைந்தது. ஆண்டு ஓர் அறையிலிருந்த பேழையுள் மகாத்துமாக்களின் கடிதங்கள் தாமே வந்து தோன்றுகின்றன என்று பலரும் வியந்தனர். 1884-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி மாத இதழ் வெளியிட்ட கடிதங்கள் அஃது ஏமாற்றெனக் குற்றஞ்சாட்டின. இவ்வகை ஆற்றல்களை ஆராய்தற்கென 1882-இல் இலண்டனில் தோன்றிய சங்கம் ஆட்சன் என்பாரைச் சென்னைக்கு விடுத்தது. அவர்தம் அறிக்கை 1885-இல் வெளிவந்து, அனைத்தும் சூழ்ச்சியே என முடித்தது. ஆரிசன் என்னும் அறிஞர் 1986-இல் அதே சங்கத்து இதழில் அவ்வறிக்கையின் நடுவின்மையைக் கண்டித்தனர். நூறாண்டு கழிந்தும் வழக்குத் தீர்ந்தபாடில்லை.

அமெரிக்க நாட்டு டியூக் பல்கலைக்கழகத்து ரைன் என்பார், ஐந்து குறிகளுள் ஒவ்வொன்றும் ஐந்து சீட்டிற் பொறித்த 25 சீட்டுக்களைக் கொண்டு, காணாது கூறுவிக்கும் சோதனை நடத்தினர். தற்செயலாய் 5 பொருந்துதல் இயல்பு. அதற்கு மேற்பட்டுத் தொடர்ந்து பொருந்துவன உளவென 1934-இல் நூல் வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே சூதாடி ஒருவன், தன் நினைவால் கவற்றைத் தான் வேண்டியவாறு விழச்செய்ய வல்லேன் என்று அவரிடம் கூற, கவறுருட்டும் சோதனைகளும் தொடங்கின. பிறர் அச்சோதனைகளை மீளச் செய்தபோது அம்முடிபுகள் உறுதியாகக் கிட்டவில்லை. அமெரிக்க அரசு இருபதாண்டுக்கு மேலாக உளவறிதற்பொருட்டுச் சேய்மைக்காட்சி வல்லாரென்பாரைப் பேணிவந்த திட்டமும், பயன்படவில்லை என்னும் மதிப்பீட்டின்மேல் 1995-இல் கைவிடப்பட்டது. ஓராண்டு எழுந்து மற்றோராண்டு வீழும் இச்சுவரின்மீதோ சைவமாளிகையைக் கட்டுதல்?

அற்றேல், "சோதனையிற் றேறாதது இல்பொருளே, நும் யோகக் காட்சியும் இல்பொருளாயிற்று" என உலகாயதர் கடாவுவர். அதற்கு விடை: சோதனைக்கு வந்தோர் மலத்தடை நீங்கிய யோகியர் என்பது பெறப்படாமையின், அவர்தம் தோல்வி யோகக் காட்சியை மறுத்ததாகாது, அவருட் சிலர் பெற்ற வெற்றியும் அதனை நிறுவியதாகாது.

"இது சோதனைக்கு அஞ்சி ஒளியும் போலிவாதமன்றோ?" எனின், அன்று. யோகக் காட்சி உடையேன் என்று கடைவிரிப்பான் எவனோ அவன் சோதிக்கப்படுதல் முறையே. ஐயமும் திரிபும் நீங்கியதே காட்சி என்பது சித்தியார் துணிபாகலின், சோதித்தல் சைவர்க்கு அயலதன்று. கேரளத்திற் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்றுக்கு இடமில்லாவகையில் அற்புதம் செய்துகாட்டுவார்க்கு ஓரிலக்கம் ரூபாய் தருவேன் என 1963-இல் அறிவித்தனர். 1978-இல் அவர் இறக்குமளவும் அப்பரிசைப் பெற்றார் எவருமிலர். கடவுட்கொள்கையை மறுத்த அவர்தம் முடிபு சைவர்க்கு உடன்பாடன்றாயினும், பொய்க்குறிகாரரிடத்து ஏழையர் பொருள் இழவாதவாறு அவர் செய்த பணி வெறுக்கத்தக்கதன்று. சித்தாந்தத்துக்கு அதனால் வரும் இழுக்கும் யாதுமில்லை. என்னை? கடவுளுண்மையை மெய்கண்டார் முதற் சூத்திரத்தில் உலகின் தோற்ற நிலை இறுதிகளைக் கொண்டு அநுமானத்தால் நிறுவினரேயன்றி, எவரொருவருடைய சித்தியையும் சான்றாகக் காட்டினாரல்லர்.

இனி, சித்தியுடையாரைச் சைவர் மதிக்குமாறு யாதெனின், அதற்கு விடை குன்றத்தூர்ப் பெருமான் செய்த காப்பியத்துளே கிடக்கின்றது. மிழலை நாட்டுப் பெருமிழலைக் குறும்ப நாயனார் சுந்தரமூர்த்தி சுவாமிகளின் திருவடிகளை இடையறாது நினைந்து, அந்நினைவின் பயனாக எண்சித்தியும் எய்தினர். சேரநாட்டுத் திருவஞ்சைக்களத்தினின்று சுவாமிகள் மறுநாட் கயிலைக்கு எழுந்தருளவிருத்தலைத் தம் ஊரிலிருந்தே உணர்ந்தனர். யோகக் காட்சிக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுப் பெறலரிது. அவ்வரிய காட்சியை அவர் யாது செய்தனர்? ஊரார்க்கு உரைத்துப் பெயர் கொண்டிலர். பிரிவாற்றாது, யோகநெறியால் உடலை நீத்து முன்னரே கயிலை சேர்ந்தனர். சேக்கிழார் சித்தியை ஒருங்கே சொல்லிக் கழித்து, அன்பிலேயே நின்று பாடுதல் கருதத்தக்கது. திருமூல நாயனார் வரலாற்றிலும், சாத்தனூர் இடையன் உடலுட் புகுந்தது பசுக்களின் துயர் கண்டு இரங்கிய இரக்கத்தாலேயே நிகழ்ந்ததென வைத்தனர்.

இவ்விருவரோடு வேற்காட்டு மூர்க்க நாயனாரை ஒப்புநோக்குக. அடியார்க்கு அமுதளித்துக் கைப்பொருள் ஒழிந்தபின், முன் கற்றிருந்த சூதே கருவியாக அவர் பொருளீட்டினர். உள்ளூரில் ஆடுவார் இல்லாராகவே அயலூர்கள் சென்று குடந்தையை அடைந்தனர். முதலாட்டம் தோற்றுப் பிந்திய ஆட்டங்களில் வென்றனர். மறுத்தாரைச் சுரிகையாற் குத்தினர். வென்ற பொருளைத் தாம் தீண்டாது அமுதாக்குவார்பால் அளித்து, அடியாரெல்லாம் உண்டபின் கடைப்பந்தியில் உண்டனர். சேக்கிழார் கருதியிருப்பின், கவறு அவர் நினைத்தவாறே விழுந்ததென்றும், சித்தியால் வென்றனரென்றும் பாடியிருத்தல் கூடும். அவ்வாறு பாடாது, கற்ற சூது என்றே கூறியது வரலாற்றின் உயிர்நிலையாம். ரைன்பால் வந்த சூதாடி தன் உள்ளத்தாற் கவறு திரும்புமென்றான். வேற்காட்டுச் சூதர் அங்ஙனம் ஏதும் கூறிற்றிலர். அடியார் பசிக்கே தம் உள்ளம் திரும்பிநின்றனர். சூது இழிந்த கருவி. சித்தி உயர்ந்த கருவி. இழிந்த கருவி சிவத்தொண்டிற்பட்டபோது அறுபத்துமூவருள் ஓரிடம் பெற்றுத் தந்தது. உயர்ந்த கருவியோ யான் எனது என்னும் செருக்கிற் படின் பிறவிக்கே வித்தாகும்.

ஆகலின், ஒருவர்பால் அரிய ஆற்றல் உண்டெனக் கேட்புழி, சைவர் முதலில் வினவவேண்டுவது, "இவர் எவ்வளவு தூரம் காண்கின்றார்?" என்பதன்று, "இவ்வாற்றல் யாருக்கு உணவாகின்றது? யாருடைய செருக்கை வளர்க்கின்றது?" என்பதே. அறிந்துரைத்ததாகச் சொல்லப்படும் சொல் மெய்யோ பொய்யோ என்பது சோதனைக்குரியது. அதனை அஞ்சாது சோதிக்க. நோய்க்கு மருத்துவனையும், வழக்குக்கு மன்றத்தையும், கவலைக்குத் திருவைந்தெழுத்தையும் நாடுக. வேலப்பன்சாவடியில் வண்டியினின்றிறங்கி வேற்காட்டுக்கு நடப்பார், தம் நாளைய வினையை அறிதற்கு விரைவதினும், ஆங்குப் பசித்துநிற்கும் ஓரடியாருக்கு இன்று ஒருபிடி அன்னம் அளிப்பாராயின், மூர்க்க நாயனார் சென்ற வழியிற் சென்றாராவர். அவ்வழியில் எதிர்காலம் தெரியாமற் போவதால் குறைவொன்றுமில்லை.

திருச்சிற்றம்பலம்.