பதநீரில் நுரை தேடுவோர்

தூத்துக்குடித் துறைமுகத்தைப் பார்த்துவிட்டு, உடன்குடிப் பக்கம் பனையடியில் பதநீர் அருந்தித் திரும்புவோர் எழுதும் பயணக் கட்டுரைகளை நீங்களும் படித்திருப்பீர்கள். எங்கள் பக்கத்தில் அதை அக்கானி என்போம். ஓலைப் பட்டையின் மணத்தை அவர்கள் நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் நுரைத்து, நாவில் சுர்ரென்று ஏறுவதே முதல் தரம் என்று சிலர் தீர்ப்பளிப்பது பெரும் பிழை.

அந்த நுரை எங்கிருந்து வருகிறது? பாளை சீவச் சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் சர்க்கரை உண்டு. காற்றிலும் பழைய கலயத்திலும் உள்ள ஈஸ்ட் அதைச் சிதைத்து ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. வாயு வெளியேறும்போது சாறு பொங்குகிறது. (ஊற்றும்போது எழுந்து உடனே அடங்கும் நுரை வேறு.) கலயத்தின் உட்புறம் தடவிய சுண்ணாம்பு சாற்றுக்குக் காரத்தன்மை தந்து ஈஸ்ட்டை அடக்குகிறது. சுண்ணாம்பு இல்லையேல் சில மணி நேரத்தில் பதநீர் கள்ளாகிவிடும். திரவமானியை மிதக்கவிட்டால் இதைக் கண்ணாலேயே காணலாம்: சர்க்கரை குறைந்து ஆல்கஹால் கூடக் கூட அடர்த்தி குறையும், மானி மேலும் மேலும் அமிழும்.

நாசிக்கின் ஒயின் ஆலைகளில் பயணிகளுக்கு நொதிகலன்களைக் காட்டி விளக்குகிறார்கள். இங்கே கலயத்துக்குள் எட்டிப் பார்த்து எழுதியவர் யார்? தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. நுரைத்ததைக் கேட்டுக் குடித்தவர் ஊர் திரும்பிக் கட்டுரை எழுதுவார். வழக்கு வந்தால் அது பனையேறியின் தலையில்தான் விழும்.

பங்குனி, சித்திரையில் இப்பக்கம் வந்தால், பட்டையை நீட்டுமுன் கலயத்தின் வெள்ளைப் பூச்சைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.