காலண்டர்ப் படமும் சிறகு முளைத்த கிழவனும்

பாட்டுக்குப் படம் தேவையா என்ற கேள்வியை நாம் அதிகமாகக் கேட்டுக்கொண்டதில்லை. நம் சினிமா தொண்ணூறு வருஷங்களாக அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1991ல் வெளிவந்த ஒரு அமெரிக்கப் பாட்டின் வீடியோவைச் சமீபத்தில் நாலைந்து தடவை திரும்பத் திரும்பப் பார்த்தபோது, இதைக் கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றிற்று. ஆர்.இ.எம். என்ற ராக் குழுவின் 'லூசிங் மை ரிலிஜன்' என்ற பாட்டு அது. வீடியோவை இயக்கிய தர்சேம் சிங் பஞ்சாபில் பிறந்தவர். நாம் இதில் அக்கறை கொள்ள அது இன்னொரு காரணம்.

எம்.டி.வி. நம் நாட்டுக்குள் வந்ததும் அந்த வருஷம்தான். பிறகு ஆவடியில் கேபிள் இழுத்த வீடுகளில் இதைப் பார்த்தவர்களில் எனக்குத் தெரிந்த சிலர், தலைப்பை வைத்தே இது நாஸ்திகப் பாட்டு என்று தீர்மானித்துவிட்டார்கள். உண்மையில் அது அமெரிக்காவின் தென் பிரதேசத்துப் பேச்சு வழக்கு. பொறுமை கைவிட்டுப் போயிற்று என்பதுதான் பொருள். 'அந்தக் காலமெல்லாம் மலையேறிவிட்டது' என்று நாம் சொன்னால் அதில் மலையைத் தேடுவது எவ்வளவு சரியோ, இதில் மதத்தைத் தேடுவதும் அவ்வளவுதான் சரி. மனசில் இருந்ததை ஒருத்தரிடம் சொல்லிவிட்டு, சொன்னது அதிகமோ குறைவோ என்று தவிக்கிறவனுடைய பாட்டு இது.

இயக்குநரோ தலைப்பின் நேர்ப் பொருளையும் விடவில்லை. ஆடும் தெய்வங்களும், அம்பு பட்ட புனிதரும், இத்தாலிய ஓவியர் கரவாஜியோவின் இருளும் ஒளியும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கார்ஸியா மார்க்வெஸ் கதையிலிருந்து சிறகு முளைத்த கிழவனும் வந்து விழுகிறான். அந்தக் கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும்: வானத்திலிருந்து விழுந்த கிழவனைக் கோழிக் கூண்டில் அடைத்து, பார்க்க வருகிறவர்களிடம் காசு வசூலிக்கிறார்கள். மார்க்வெஸ் அற்புதத்தைக் கூண்டில் அடைக்கிறார். தர்சேம் அதற்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார். சிறகு வந்துவிட்டது, கோழிக் கூண்டு வரவில்லை. கதையின் சிரிப்பும் கூண்டோடு போய்விட்டது.

தெய்வப் படங்களைப் பற்றியும் எனக்கு ஒரு ஆட்சேபம் உண்டு. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவருடைய சிஷ்யர்களும் எழுதி, சிவகாசியில் அச்சான காலண்டர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆவடி மார்க்கெட்டில் மளிகைக் கடைக்காரர் காலையில் ஊதுபத்தி காட்டுவது அந்தப் படத்துக்குத்தான். அவருக்கு அது பாணி அல்ல, ஆள். வீடியோவில் அது பாணியாகிவிடுகிறது. அழகான பாணிதான், ஆனால் அங்கே யாரும் யாரையும் கும்பிடவில்லை.

இத்தனை சொன்ன பிறகும் இந்த வீடியோ ஏன் பழசாகவில்லை? எம்.டி.வி. அந்த வருஷம் இதற்குச் சிறந்த வீடியோ என்பது உள்பட ஆறு பரிசுகள் கொடுத்தது. ஆனால் பரிசுகள் ஒன்றையும் நிரூபிப்பதில்லை. காரணம் பாடகர் மைக்கேல் ஸ்டைப் என்பது என் அபிப்பிராயம். ஆரம்பத்தில் வெறும் அறை, திறந்த ஜன்னல், மழை. மற்ற மூவரும் குறுக்கே ஓடுகிறார்கள். இவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் ஓரத்துப் பால் ஜாடி விழுந்து உடைகிறது. பிறகுதான் மாண்டலின் தொடங்குகிறது. ஸ்ரீனிவாஸின் மாண்டலினைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது பால பாடம். பீட்டர் பக் அந்த வாத்தியத்தைப் பழகிக்கொண்டிருந்தபோதே பிறந்த மெட்டு அது. அந்த எளிமை பாட்டுக்குப் பொருந்துகிறது.

அதற்குமுன் காமிராவுக்கு முன் பாட்டுக்கு வாயசைக்க மறுத்துவந்த ஸ்டைப் இதில் வாயசைக்கிறார், ஆடவும் செய்கிறார். ஆட்டம் என்று அதைச் சொல்ல நம் நட்டுவனார்கள் சம்மதிக்க மாட்டார்கள். கைகள் எங்கே போவதென்று தெரியாமல் அலைகின்றன. சுற்றிலும் இருக்கிற தெய்வங்களும் புனிதர்களும் ஓவியத்தில் உள்ளதுபோல நிலைத்து நிற்க, இந்த ஒரு மனிதனால் மட்டும் நிலைகொள்ள முடியவில்லை. பாட்டின் விஷயம் அதுதானே?

படங்களில் ஒன்றே ஒன்று இந்தத் தவிப்போடு முழுக்கச் சேர்கிறது. கிழவனின் காயத்துக்குள் விரலை விட்டுப் பார்க்கும் காட்சி. கரவாஜியோ வரைந்த புனித தோமையாரின் சந்தேகம் அது. பரங்கிமலை பக்கத்தில் இருக்கிற நமக்கு அந்தக் கதையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர் அவர். காதலிக்கிறவனும் அந்த ஜாதிதான். தொடவும் பயம், தொடாமல் நம்பவும் முடியாது.

வீடியோவில் பாதிப் படங்களை எடுத்துவிட்டாலும் ஒன்றும் குறையாது. அந்த விரலையும், நாற்காலியையும், எங்கே வைப்பதென்று தெரியாத இரண்டு கைகளையும் எடுத்தால் வெறும் காலண்டர்தான் மிஞ்சும்.