வாசா ஸ்விம்எர்க்: தரையில் ஒரு நீச்சல் பயிற்சி

நீந்தும்போது முழங்கை தாழ்ந்துபோவதுதான் பலரின் வேகத்தைத் தின்கிறது. தண்ணீருக்கடியில் நடப்பதால் நீந்துபவருக்கு அது தெரிவதில்லை. கரையில் நிற்கும் பயிற்சியாளராலும் உடனே தொட்டுத் திருத்த முடிவதில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து வாசா நிறுவனத்தின் ஸ்விம்எர்க் என்ற பயிற்சிக் கருவியை ஒரு டிரையத்லான் பயிற்சிக்கூடத்தில் பயன்படுத்திப் பார்த்தபோது, அதன் பெரிய பலம் இங்கேதான் என்று புரிந்தது.

நீண்ட தண்டவாளம், அதன்மேல் மெத்தை பதித்த பெஞ்ச். குப்புறப் படுத்து, கயிற்றோடு இணைந்த பேடில்களைக் கைகளில் மாட்டி இழுத்தால், முன்னால் இருக்கும் விசிறிச் சக்கரம் சுழலும். எதிர்ப்பு முழுக்கக் காற்றிலிருந்து வருகிறது. ரப்பர் பட்டையில் பயிற்சி செய்தால், அது இழுக்க இழுக்க இறுகும். நாம் இழுக்கும் வேகத்தை அது பார்ப்பதில்லை. ஆனால் காற்றும் தண்ணீரும் வேகத்துக்கேற்ப எதிர்ப்பவை. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு, செலவாகும் திறன் எட்டு மடங்கு. அதனால்தான் இந்த இழுப்பு தண்ணீரை இழுப்பதற்கு இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது.

விசிறியின் காற்றுவழியை 1 முதல் 7 வரை மாற்றலாம். எடுத்த எடுப்பில் 7-க்குப் போகாதீர்கள். திறப்பு கூடினால் சக்கரம் சீக்கிரம் வேகமிழக்கும். ஒவ்வொரு இழுப்பும் கனமாகத் தொடங்கும். பாரம் தோளில் இறங்கும். 1, 2 அளவுகளில் கை லாகவமாகச் சுழல்கிறது, முழங்கையும் உயர்ந்தே நிற்கிறது.

மானிட்டரில் நேரம், தூரம், வாட், நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு ஆகியவற்றோடு இரு கைகளின் விசையும் தனித்தனியாகத் தெரிகிறது. களைக்கும்போது எந்தக் கை முதலில் தளர்கிறது என்பதைக் குளத்தில் இவ்வளவு தெளிவாக அறிய முடியாது. ஆனால் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. தவறாக இழுத்தும் வாட்டை ஏற்றலாம். பக்கவாட்டில் ஒரு கண்ணாடியோ பயிற்சியாளரோ அவசியம்.

குறைகளும் உண்டு. மிதப்பு, உதைப்பு, உடல் உருள்வது, தண்ணீரில் மூச்சு எடுப்பது எதுவும் இதில் இல்லை. கையை முன்னால் கொண்டுபோக நாம் வீச வேண்டியதில்லை, கயிறே இழுத்துக்கொள்ளும். விசிறிச் சத்தம் அடுத்த அறைவரை கேட்கும். இடமும் பணமும் நிறைய வேண்டும்.

நீந்தத் தெரியாதவர் இதை வாங்க வேண்டாம். முதலில் தண்ணீரில் இறங்கட்டும். குளம் தொலைவில் இருப்பவர்கள், 3.8 கிலோமீட்டர் நீந்த வேண்டிய அயர்ன்மேன் வீரர்கள், காலில் அடிபட்டு மருத்துவர் அனுமதியோடு கைப்பயிற்சியைத் தொடர்பவர்கள் ஆகியோருக்கு இது நல்ல முதலீடு. 2020-இல் குளங்கள் மூடிக்கிடந்தபோது நீச்சல் வீரர்கள் தவித்த தவிப்பை நினைத்தால் இதன் அருமை விளங்கும். குறைந்த அளவில், சிறு சிறு சுற்றுகளாக, ஓய்வெடுத்துப் பழகுங்கள். அடுத்த முறை குளத்துக்குப் போகும்போது, அதே முழங்கை உயரத்தைத் தண்ணீரிலும் காப்பாற்றப் பாருங்கள். போட்ட உழைப்புக்கு அங்கேதான் பலன் தெரியும்.