"சொல் கிடைக்கவில்லை": உரைத்தொகுப்பிகளின் அகராதிச் செருகுநிரல்கள் பற்றிய மதிப்பீடு

உரைத்தொகுப்பியில் சுட்டி நிற்கும் சொல்லுக்கு அகராதியிலிருந்து பொருள் எடுத்துக் காட்டும் சிறு நிரல் அகராதிச் செருகுநிரல் எனப்படும். வரியிலிருந்து சொல்லைப் பிரித்தெடுப்பது, அதை அகராதிக் கோப்பிடமோ வழங்கியிடமோ கேட்பது, வந்த விடையைக் காட்டுவது ஆகியவை அதன் வேலைகள். தமிழுக்கு இதைப் பயன்படுத்துவோர் அடிக்கடி காணும் விடை "சொல் கிடைக்கவில்லை" என்பதே. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல பிழைகளுக்கும் இந்த ஒரே செய்தியைக் காட்டுவதுதான் இச்செருகுநிரல்களின் பெருங்குறை. அகராதியின் மீது பழி விழுகிறது. பிழையோ வேறிடத்தில் இருக்கிறது.

இணைப்புக் கோளாறைக் கண்டறிவது எளிது. 1997இல் வெளியான ஆர்எஃப்சி 2229 ஆவணம் வரையறுத்த டிக்ட் நெறிமுறை, தோல்விகளை எண்களால் பிரித்தே சொல்கிறது. வழங்கி தற்காலிகமாக இயங்கவில்லை என்றால் 420, கேட்ட அகராதி அங்கு இல்லை என்றால் 550, சொல் பொருந்தவில்லை என்றால் 552. இமாக்ஸ் 28ஆம் பதிப்பு முதல் உடன்வரும் அகராதித் தேடலும் இந்நெறிமுறையையே பயன்படுத்துகிறது. நெறிமுறை பிரித்துக் கொடுத்த எண்களைச் செருகுநிரல் ஒரே வாக்கியமாகக் கலந்துவிட்டால், பயனர் முதலில் செய்யவேண்டியது ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேடிப் பார்ப்பது. அதற்குப் பொருள் வந்தால் இணைப்பு சரி. அடுத்து, அந்த வழங்கியில் தமிழ் அகராதி உண்டா என்று பார்க்க வேண்டும்.

அதன்பின் ஐயப்பட வேண்டியது சொல்லைப் பிரிக்கும் இடத்தை. பைத்தான் மொழியோடு வரும் சுருங்குறித்தொடர் நூலகத்தில் "சொல்லெழுத்து" என்ற வகைக்குள் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் வருவதில்லை. அதனால் "தமிழ்" என்ற சொல் "தம", "ழ" என்று இரண்டு துண்டாகிறது. ஜாவாஸ்கிரிப்டில் அதே வகை ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றோடு நின்றுவிடுவதால் தமிழ் எழுத்து ஒன்றுகூட அகப்படாது. "தம" என்பதைத் தேடிவிட்டு, "தமிழ்" அகராதியில் இல்லை என்று அறிவிப்பதை என்னவென்பது! எழுத்தோடு ஒட்டுக்குறிகளையும் சேர்த்துக்கொள்ளும்படி நிரலில் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

குறியேற்றத்தில் வரும் சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. ஒருங்குறியில் "கொ" என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. தேடும் சொல்லையும் அகராதித் தலைச்சொல்லையும் ஒருங்குறி இயல்பாக்கத்துக்கு உட்படுத்தினால் இது தீரும். ஆனால் ஔகாரத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து "ஒளவை" என்று தட்டச்சிடும் பழக்கத்தை எந்த இயல்பாக்கமும் திருத்தாது. அது எழுதுபவரின் பிழை. மீண்டும் "ஔவை" என்று அடித்துத் தேடுவதே வழி.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் "மரத்தை", "வந்தான்" ஆகியவற்றுக்குப் பொருள் வராது. இங்கே செருகுநிரலின் அடிப்படை எண்ணமே பிழை. வரியில் உள்ள சொல்லும் அகராதியில் உள்ள சொல்லும் ஒன்று என்று அது கருதுகிறது. ஆங்கிலத்தில் பெருமளவு ஒத்துவரும் இந்த எண்ணம் தமிழில் ஒத்துவராது. "மரத்தை" என்பதில் மரம், அத்துச் சாரியை, ஐ உருபு மூன்றும் உள்ளன. "வந்தான்" என்பதன் பகுதி "வா". வகுப்பில் அகராதியைக் கையில் கொடுக்குமுன் பகுதி, விகுதி பிரிக்கக் கற்றுக்கொடுத்தோம். பிரிக்கத் தெரியாத மாணவர் அகராதியில் எதையும் காணமாட்டார். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி வினைகளைச் சிறுகோட்டுடன் "தல்", "த்தல்" சேர்த்துத் தலைச்சொல்லாகத் தருவதால், பகுதியைச் சரியாகக் கொடுத்தாலும் முழுப்பொருத்தத் தேடல் தவறக்கூடும். டிக்ட் நெறிமுறையில் சொல்லின் முற்பகுதியை மட்டும் பொருத்தித் தேடும் முறைக்கு இடமுண்டு. முழுப்பொருத்தம் தோற்றவுடன் அதை முயன்று பார்க்காத செருகுநிரல் பாதி வேலையோடு நிற்கிறது.

விகுதிகளைத் தானே வெட்டித் தேடும் செருகுநிரல் இதற்கு மாற்றாகுமா? ஓரளவுக்கே. "கடலைப் பார்த்தான்" என்பதில் வல்லொற்றை நீக்கினால் "கடலை" கிடைக்கிறது. அகராதியிலும் அப்படியொரு சொல் இருப்பதால் தேடல் வெற்றியோடு முடிந்து, கடலைப் பார்த்தவன் பயறு பார்த்தவனாகிறான். பொருள் கிடைக்காத மாணவர் ஆசிரியரிடம் கேட்பார். தவறான பொருள் கிடைத்தவர் கேட்கமாட்டார், அப்படியே எழுதிவிடுவார். ஆகவே வெட்டித் தேடும் செருகுநிரல் முதலில் கிடைத்ததோடு நிற்காமல் "கடலை", "கடல் + ஐ" இரண்டையும் காட்டித் தெரிவைப் பயனரிடம் விட வேண்டும்.

இவ்வளவுக்கும் பெரிய இலக்கணப் பகுப்பாய்வி எழுதும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தோல்விச் செய்தியில் இரண்டு விவரங்களைக் கூடுதலாக அச்சிட்டாலே பயனர் பிழையின் இடத்தைக் கண்டுகொள்வார்: அனுப்பிய சொல் "தம", வழங்கி தந்த எண் 552.