சந்தேகத்தின் அழகும் அதன் குறையும்

வேவுக்காரன் என்றால் பளபளக்கும் காரும் கைத்துப்பாக்கியும் கலையாத தலைமுடியும் உடையவன் என்று ஜேம்ஸ் பாண்டைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, 1975-ஆம் ஆண்டு வெளிவந்த 'த்ரீ டேஸ் ஆஃப் தி காண்டார்' படத்தின் நாயகன் சற்றே ஏமாற்றம் தரக்கூடும். நியூயார்க் நகரில், இலக்கிய வரலாற்றுக் கழகம் என்னும் பொய்ப் பெயர்ப்பலகையைத் தாங்கிய ஒரு கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, பல தேசங்களிலும் அச்சாகும் நாவல்களையும் சஞ்சிகைகளையும் வாசித்து, அவற்றில் அமெரிக்க உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ.வின் ரகசியத் திட்டங்களின் சாயல் எங்கேனும் தட்டுப்படுகிறதா என்று குறிப்பெடுத்துக் கொடுப்பதே அவனுடைய உத்தியோகம். ஒரு நாள் மத்தியானம், மழை பெய்கிறதே என்று, சகாக்களுக்கும் சேர்த்துச் சாப்பாடு வாங்கி வரப் பின்வாசல் வழியாகப் புறப்பட்டுப் போனவன், திரும்பி வந்து பார்க்கும்போது காரியாலயத்தில் இருந்த அத்தனை பேரும் சுடப்பட்டுக் கிடக்கிறார்கள். பதறியடித்துத் தெருமுனைத் தொலைபேசியிலிருந்து மேலதிகாரிகளை அழைத்து அடைக்கலம் கேட்கிறான். அடைக்கலம் தருவதற்கென்று வந்த அதிகாரியே அவனை நோக்கிச் சுடுகிறான்.

காக்க வேண்டிய கையே கழுத்தைப் பிடிக்க வருகிறது என்னும் இந்தப் பீதியை மூலதனமாகக் கொண்டு, 1971 முதல் 1976 வரையிலான ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஹாலிவுட்டில் ஒரு படவரிசையே உருவாயிற்று. ஆலன் ஜே. பகுலா இயக்கிய 'க்ளூட்', 'தி பாரலாக்ஸ் வியூ', 'ஆல் தி பிரசிடெண்ட்ஸ் மென்' ஆகிய மூன்றும், பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலாவின் 'தி கான்வர்சேஷன்' படமும், சிட்னி பொல்லாக்கின் காண்டார் படமும் அவ்வரிசையின் சிகரங்கள். அரை நூற்றாண்டு கடந்த பின்னும் இவற்றின் வசீகரம் குன்றவில்லை என்பது மட்டுமல்ல, அன்றைய ஒலிநாடாக்களையும் தொலைபேசிக் கூண்டுகளையும் நேரில் கண்டறியாத தலைமுறையினரும் இவற்றைத் தேடிப் பிடித்துப் பார்க்கிறார்கள். அந்த வசீகரத்தில் கலையின் பங்கு எவ்வளவு, வெறும் மயக்கத்தின் பங்கு எவ்வளவு என்று பகுத்துப் பார்ப்பது பயனுள்ள காரியம். சந்தேகத்தைத் தன் மீதே திருப்பிக்கொள்ளும் இடங்களில் இப்படங்கள் மகத்தானவை. எதிரியைச் சர்வ வல்லமை பொருந்தியவனாக ஆக்கிவிடும் இடங்களில், எவ்வளவு அழகாக இருந்தாலும், நம்மை ஏமாற்றுபவை என்பது என் கருத்து.

இந்தப் பீதி ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. 1963 நவம்பரில் ஜனாதிபதி கென்னடி பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டதும், அது ஒரே ஒருவனின் காரியம் என்று மறு ஆண்டு வாரன் கமிஷன் அளித்த தீர்ப்பை ஜனங்களில் பெரும் பகுதியினர் நம்ப மறுத்ததும், வியட்நாம் யுத்தத்தைப் பற்றி அரசாங்கம் சொல்லிவந்ததும் உள்ளுக்குள் அறிந்திருந்ததும் வேறு வேறு என்பதை 1971-இல் பென்டகன் ஆவணங்கள் வெளிப்படுத்தியதும், 1972 ஜூனில் எதிர்க்கட்சியின் தலைமையகம் இருந்த வாட்டர்கேட் கட்டடத்துக்குள் புகுந்தவர்கள் பிடிபட்டதும், ஜனாதிபதி நிக்ஸன் தம் சொந்த அறைகளிலேயே ஒலிப்பதிவுக் கருவிகளைப் பொருத்தியிருந்தார் என்ற செய்தி 1973-இல் அம்பலமானதுமாக, நம்பிக்கையின் அஸ்திவாரம் ஒவ்வொரு கல்லாகப் பெயர்க்கப்பட்டு வந்த காலம் அது. 1974 ஏப்ரலில் கொப்போலாவின் படமும், ஜூனில் 'பாரலாக்ஸ்' படமும் திரைக்கு வந்தன; ஆகஸ்டில் நிக்ஸன் பதவி விலகினார். இவற்றுள் கொப்போலா தம் கதையை அறுபதுகளின் நடுவிலேயே எழுதத் தொடங்கிவிட்டார் என்பதையும், வாட்டர்கேட் ஆட்கள் பயன்படுத்திய கருவிகள் தம் படத்தில் வந்தவற்றையே ஒத்திருந்ததைக் கண்டு அவரே திகைத்தார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். செய்தித்தாளைப் பார்த்து அவசர அவசரமாகச் சமைக்கப்பட்ட பண்டங்கள் என்று இப்படங்களைத் தள்ளிவிட முடியாது.

'தி கான்வர்சேஷன்' படத்தின் தொடக்கக் காட்சியைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கம், மத்தியானக் கூட்டம், வெகு உயரத்திலிருந்து காமிரா மெல்ல மெல்ல, மனித அவசரம் எதுவும் தீண்டாத ஒரு யந்திரத்தின் பொறுமையோடு கீழே நெருங்கி வருகிறது. ஓர் இளம் பெண்ணும் ஓர் இளைஞனும் கூட்டத்தினிடையே வட்டமிட்டு நடந்தபடி பேசுகிறார்கள். அவர்களுடைய பேச்சைப் பல திசைகளிலிருந்து பல ஒலிவாங்கிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன; இடையிடையே சொற்கள் உலோகக் கரகரப்பாகச் சிதைந்து போகின்றன. இந்த ஏற்பாட்டைச் செய்தவன் ஹாரி கால், ஜீன் ஹாக்மன் ஏற்ற பாத்திரம், ஒட்டுக்கேட்பதையே தொழிலாகக் கொண்ட நிபுணன். தன் பட்டறையில் அமர்ந்து மூன்று நாடாக்களையும் மாற்றி மாற்றி ஓட்டி, இரைச்சலை வடிகட்டி, இறுதியில் ஒரு வாக்கியத்தை மீட்டெடுக்கிறான்: வாய்ப்புக் கிடைத்தால் அவர் நம்மைக் கொன்றுவிடுவார் என்று, அப்பெண்ணின் கணவரைக் குறித்து, இளைஞன் அவளிடம் சொல்லும் வாக்கியம். முன்பொரு சமயம் தான் செய்த ஒலிப்பதிவினால் ஒரு குடும்பமே கொலையுண்டு போன பாவ உணர்ச்சி அவன் நெஞ்சை அரித்துக்கொண்டிருப்பதால், இந்த இருவரும் பலியாகப் போகிறார்கள் என்று நிச்சயித்துக்கொண்டு தவிக்கிறான். எல்லாம் முடிந்த பிறகு அதே வாக்கியம் மறுபடியும் ஒலிக்கிறது. முதலில் கொலை என்பதன் மேல் விழுந்த அழுத்தம் இப்போது நம்மை என்பதன் மேல் விழுகிறது. அவர் நம்மைக் கொல்லுமுன் நாம் முந்திக்கொள்வோம் என்ற உட்பொருள் அப்போதுதான் விளங்குகிறது. பலி என்று நினைத்தவர்கள் கொலையாளிகள். கொலையாளி என்று நினைத்தவர் பலி.

ஒலிக்கோர்வையையும் படத்தொகுப்பையும் கவனித்த வால்டர் மர்ச், நடிகர் வேறொரு தடவை பேசிப் பதிவான அதே வாக்கியத்தைக் கடைசியில் எடுத்துப் பொருத்தினார் என்பது திரைப்பட வரலாற்றில் நன்கு அறியப்பட்ட சேதி. சிலர் இதை மோசடி என்பார்கள். காதால் கேட்ட ஒன்றைப் படைப்பாளி பின்னால் மாற்றிவிட்டாரே என்று குறைப்படுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாம் கேட்டது நாடாவில் இருந்ததை அல்ல, ஹாரியின் குற்ற மனம் கேட்க விரும்பியதை என்ற உண்மை, இந்த ஒரு மாற்றத்தினால் எந்த வசனமும் தர முடியாத தெளிவோடு நம் செவிக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகிறது. உலகத்திலுள்ள அத்தனை உபகரணங்களும் கையில் இருந்தும், பேச்சு முழுவதும் பதிவாகியும், அர்த்தம் மட்டும் கைநழுவிப் போகிறது. பீதிப் படங்கள் அனைத்திலும் இது ஒன்றே, சந்தேகப்படுபவனைச் சரியானவன் என்று தட்டிக்கொடுக்காமல், அவனுடைய சந்தேகத்தையே விசாரணைக் கூண்டில் ஏற்றுகிறது.

பகுலாவின் வலிமை வேறு வகையானது. அது கண்ணின் வலிமை. ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸோடு சேர்ந்து அவர் செய்த காரியம், மனிதனைத் திரைச்சட்டகத்தின் ஓரத்துக்குத் தள்ளி, கட்டடங்களுக்கும் இருளுக்கும் மையத்தை விட்டுக்கொடுத்தது. 'பாரலாக்ஸ்' படத்தின் நாயகனான பத்திரிகையாளன், அரசியல் கொலைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு கம்பெனியின் தடயத்தைப் பின்தொடர்ந்து, தன்னையே அந்தக் கம்பெனியின் தேர்வுக்கு உட்படுத்திக்கொள்கிறான். அங்கே அவனுக்குக் காட்டப்படும் படத்துணுக்குகள் நமக்கும் திரை முழுவதும் காட்டப்படுகின்றன: அன்னை, தந்தை, தேசம், தெய்வம், எதிரி என்ற சொற்களும் அவற்றுக்குரிய படங்களும் முதலில் சாந்தமாக வருகின்றன, போகப் போக இடம் மாறி, தேசம் இருந்த இடத்தில் வன்முறையும், தந்தை இருந்த இடத்தில் பயங்கரமும் வந்து உட்காருகின்றன. இடையில் ஒரு முறைகூட நாயகனின் முகம் காட்டப்படுவதில்லை. சோதனைக்குரிய நாற்காலியில் நாமே உட்கார்ந்திருக்கிறோம் என்பது சற்றுத் தாமதமாகத்தான் புரிகிறது.

அதன் இறுதிக் காட்சியோ இன்னும் துணிச்சலானது. மாநாட்டு மண்டபத்தில் ஒத்திகை நடக்கிறது. சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக மேசைகள் வரிசையாகக் கிடக்கின்றன. செனட்டர் சிறியதொரு மின்வண்டியில் போகும்போது எங்கிருந்தோ சுடப்படுகிறார். ஓட்டுபவர் இல்லாத வண்டி மேசைகளை ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டு ஊர்ந்து போக, அவருடைய பதிவு செய்யப்பட்ட பிரசங்கம் மட்டும் ஒலிபெருக்கியில் தொடர்ந்து முழங்குகிறது. மேலே இரும்புப் பாலங்களில் சிக்கிக்கொண்ட நாயகன், வெளிச்சம் தெரியும் வாசலை நோக்கி ஓடி அங்கேயே சுடப்படுகிறான். பிறகு இருளில் மிதப்பது போன்ற ஒரு மேசையின் பின்னால் அமர்ந்த விசாரணைக் குழு, கொலைகாரன் அவன்தான், தனியாகச் செய்தான் என்று அறிவிக்கிறது. கேள்விகளுக்கு இடமில்லை.

இதைக் கண்டு பிரமிப்பது எளிது, நானும் பிரமிக்கிறேன். ஆயினும் இந்தப் பிரமிப்புக்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்று கேட்டாக வேண்டும். பாரலாக்ஸ் கம்பெனிக்குக் கொள்கை இல்லை, லாபநோக்கம் இன்னதென்று தெரியவில்லை, அதை நடத்துபவர் யார் என்பதும் புலப்படவில்லை. ஆனால் அதன் கணக்கு மட்டும் ஒருபோதும் தவறுவதில்லை. நாயகன் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் முன்கூட்டியே அதன் ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட எதிரியைச் சரித்திரம் அறியாது. வாட்டர்கேட் விவகாரமே இதற்குச் சாட்சி. கதவின் பூட்டு விழாமலிருக்க ஒட்டப்பட்ட நாடாவை, ஃபிராங்க் வில்ஸ் என்ற காவலாளி கண்டு எடுத்துப் போட்டார். மறு சுற்றில் அதே இடத்தில் மறுபடியும் நாடா ஒட்டியிருப்பதைப் பார்த்துப் போலீஸை அழைத்தார். உள்ளே இருந்த ஐவரும் அகப்பட்டார்கள். உலகத்தின் மிகப் பெரிய பதவியைக் காப்பாற்ற முனைந்தவர்களின் சாமர்த்தியம் அவ்வளவுதான். அதிகாரம் கொடியதாகவும் அசட்டுத்தனமாகவும் ஒரே சமயத்தில் இருக்க முடியும் என்ற உண்மையை இப்படங்களில் பலவும் காணத் தவறுகின்றன. அந்த அசட்டுத்தனத்தில்தான் பிரஜைக்கு நம்பிக்கை இருக்கிறது.

நியாயமாக மறுபுறத்தையும் சொல்ல வேண்டும். ரிச்சர்டு ஹாஃப்ஸ்டாட்டர் என்ற சரித்திராசிரியர் 1964-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், எங்கும் எதிலும் சதியையே காணும் மனப்பாங்கு அமெரிக்க அரசியலின் ஒரு பழைய நோய் என்று வர்ணித்தார். பத்து ஆண்டுகள் கழித்து அந்த நோயாளிகளின் ஜன்னிப் பிதற்றல்களில் பல வெறும் உண்மைகளாகிவிட்டன. செனட்டர் ஃபிராங்க் சர்ச் தலைமையில் 1975-இல் அமைந்த குழுவின் விசாரணையில், சி.ஐ.ஏ. அயல்நாட்டுத் தலைவர்களைக் கொல்லத் திட்டமிட்டதும், இருபது ஆண்டுகளாக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தபால்களைப் பிரித்துப் படித்ததும், மார்ட்டின் லூதர் கிங்குக்கு எஃப்.பி.ஐ. ரகசியமாக மொட்டைக் கடிதம் அனுப்பியதும் வெளிப்பட்டன. ஆகவே இப்படங்களின் சந்தேகம் ஆதாரமற்றது என்று எவரும் சொல்ல இயலாது. என் ஆட்சேபணை சந்தேகத்தின் மேல் அல்ல. அதன் முடிவுரையின் மேல். சர்ச் குழு இவற்றை வெளியே கொண்டுவந்தது; 'பாரலாக்ஸ்' படத்தின் விசாரணைக் குழு புதைப்பதற்கு மட்டுமே தெரிந்தது. எதுவும் செய்வதற்கில்லை என்ற எண்ணம் திகிலூட்டுவது போலத் தோன்றினாலும் உள்ளூர ஆறுதலானது. பார்த்துவிட்டு எழுந்து போகிறவனிடம் அது எந்தக் கடமையையும் கேட்பதில்லை.

இன்னொரு குறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இவ்வுலகத்தில் பெண்களுக்கு இடம் மிகக் குறைவு. 'பாரலாக்ஸ்' படத்தில் உயிருக்கு அஞ்சி நாயகனிடம் வரும் பெண் நிருபர், அடுத்த காட்சியில் பிணக்கிடங்கில் கிடக்கிறாள். காண்டார் படத்தில் துப்பாக்கி முனையில் தன்னைக் கடத்தி வந்தவனிடமே ஓர் இரவுக்குள் காதல் கொள்ளும் பெண்ணைப் பார்க்கும்போது, மற்ற எல்லாவற்றிலும் இத்தனை எச்சரிக்கையாக இருந்த கதை இங்கே எவ்வளவு சுலபமாக விழுந்துவிட்டது என்று வருத்தமாகவே இருக்கிறது. 'க்ளூட்' ஒன்றே விலக்கு. வேவு பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்பதை, ஜேன் ஃபோண்டா ஏற்ற அந்த விலைமாதின் கழுத்திலும் தோளிலும் படியும் பயமாகவே காட்டியது அது. அவருக்கு ஆஸ்கர் பரிசு கிடைத்ததில் வியப்பில்லை.

பகுலாவே இரண்டு ஆண்டுகளுக்குள் தம் 'பாரலாக்ஸ்' படத்துக்குப் பதில் எழுதினார் என்று தோன்றுகிறது. 'ஆல் தி பிரசிடெண்ட்ஸ் மென்' படத்திலும் அதே வில்லிஸ், அதே இருள், காரைகள் பெயர்ந்த வாகன நிறுத்தக் கிடங்கில் முகம் மறைத்து நிற்கும் ஒரு ரகசியத் தகவலாளி. ஆனால் அங்கே வாட்டர்கேட் விவகாரத்தைத் துருவும் இரண்டு நிருபர்கள் கதவு கதவாகத் தட்டுகிறார்கள், தொலைபேசியில் கெஞ்சுகிறார்கள், காங்கிரஸ் நூலகத்தில் கட்டுக் கட்டாகப் புத்தகச் சீட்டுகளைப் புரட்டுகிறார்கள். காமிரா கூரையை நோக்கி உயர உயர அவர்கள் எறும்புகளாகிறார்கள். ஆனாலும் சீட்டுகளைப் புரட்டுவதை நிறுத்துவதில்லை. சதி என்ற மாயத்தை அலுப்பூட்டும் உழைப்பாக மாற்றியும் ஒரு படம் விறுவிறுப்பாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சிறந்த நிரூபணம் எனக்குத் தெரியாது.

இந்த மரபைப் பின்வந்தவர்கள் எப்படிச் சுவீகரித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1998-இல் டோனி ஸ்காட் இயக்கிய 'எனிமி ஆஃப் தி ஸ்டேட்' படத்தில் அதே ஜீன் ஹாக்மன் மறுபடியும் ஒட்டுக்கேட்கும் நிபுணராக வருகிறார். அந்தப் பாத்திரத்தின் கோப்பில் காட்டப்படும் இளமைக்காலப் புகைப்படம்கூட 'தி கான்வர்சேஷன்' படத்தில் எடுக்கப்பட்டதே. ஆகாயத்தில் செயற்கைக்கோள்களும் தரையில் இடைவிடாத துரத்தல்களும் நிறைந்த அந்தப் படம் அலுப்புத் தட்டாமல் ஓடுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் அதில் ஹாக்மனின் தொழில்திறன் நல்லவனைக் காப்பாற்றக் கிடைத்த ஓர் ஆயுதமாக மட்டுமே நின்றுவிடுகிறது. தன் காதுகள் செய்த கொலைகளுக்காகப் பாதிரியாரிடம் பாவமன்னிப்புக் கேட்டு மண்டியிட்ட மனிதனைப் புகைப்படத்தில் வைத்துக்கொண்டு, அவனுடைய பாவத்தை மட்டும் கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய படத்தில் நம்மைத் தூங்கவிடாமல் செய்தது அந்த ஒன்றுதான்.