கனவு அரசனுக்கு வில்லன் எதற்கு?

சித்திரக்கதை ஒன்று தொடராகும்போது ரசிகர்கள் முதலில் ஒப்பிடுவது முகங்களைத்தான். நீல் கெய்மனின் ‘சேண்ட்மேன்’ 2022 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோதும் சர்ச்சை அங்கேயே சுற்றியது. வெள்ளை வெளேரென்று வரையப்பட்ட மரணதேவதையாகக் கறுப்பின நடிகை கிர்பி ஹவல்-பாப்டிஸ்ட் நடிக்கலாமா? ஜான் கான்ஸ்டன்டைனின் இடத்தில் ஜோஹன்னா என்ற பெண் எப்படி வந்தாள்? இவையெல்லாம் கதையின் தோலோடு நின்றுவிட்ட மாற்றங்கள். எலும்பைத் தொட்ட மாற்றம் வேறு. மூலத்தில் ஒரு கதைத்தொகுதிக்குள் வில்லனாக வந்துபோகும் கொரிந்தியன் என்ற கொடுங்கனவைத் தொடர் முதல் அத்தியாயத்திலேயே இறக்கி, முதல் பருவம் முழுவதற்கும் வில்லனாக்கியது. அந்தப் பருவத்தின் பலவீனம் அங்கேதான் தொடங்குகிறது.

1989 முதல் 1996 வரை 75 இதழ்களாக வந்த மூலக்கதை அடிப்படையில் ஒரு துன்பியல். மரணத்தைப் பிடிக்க நினைத்த மந்திரவாதியிடம் 1916இல் தவறிச் சிக்குகிறான் கனவு அரசன். சிறைப்பட்டது தற்செயல். ஆனால் மீண்டு வந்தபின் அவனைத் துரத்துபவை அவனுடைய பழைய பாவங்கள். தன்னை மறுத்த காதலியைப் பத்தாயிரம் ஆண்டுகள் நரகத்தில் வாட விட்டவன் அவன். தன் கடமை, தன் மானம் என்பதைத் தவிர வேறெதையும் அறியாதவன். பல இதழ்களில் அவன் ஓரமாகத்தான் நிற்கிறான். பிறருடைய வாழ்க்கைகளைக் கண்டு கண்டுதான் மெல்ல மாறுகிறான். கதை சிதறிக் கிடப்பது, ஓவியர்கள் மாறிக்கொண்டே இருப்பது எல்லாம் இதற்குப் பொருந்துகின்றன. தொடரிலோ, அரசனை எப்படிப் பூட்டி வைப்பது என்று மந்திரவாதிக்குச் சொல்லிக் கொடுப்பவனே கொரிந்தியன்தான். தற்செயல் சூழ்ச்சியாகிவிடுகிறது, பழி அரசனின் தோளிலிருந்து வேறொரு தோளுக்கு மாறிவிடுகிறது.

கொரிந்தியனும் அரசன் படைத்தவன்தானே, அப்படியானால் பழி அவனைத்தானே சேரும் என்று கேட்கலாம். தர்க்கப்படி சரி. ஆனால் திரையில் வேலை செய்வது தர்க்கத்தைவிட எதிர்பார்ப்பு. ஒருவன் சிரித்துக்கொண்டே சதி செய்தால், அவன் எப்போது வீழ்வான் என்றுதான் பார்வையாளர் காத்திருப்பார். அரசன் எப்போது மாறுவான் என்றல்ல. இன்னொரு வாதம் வணிகம் சார்ந்தது. பத்து அத்தியாயங்களை ஒரே நாளில் கொட்டும் மேடையில், எல்லாவற்றையும் கோக்கும் ஒரு சரடு இல்லாவிட்டால் பார்ப்பவர் பாதியில் எழுந்து போய்விடுவார் என்பார்கள். இந்தப் பயத்துக்குத் தொடரே பதில் வைத்திருக்கிறது. ஆறாவது அத்தியாயம் எட்டாம் இதழையும் பதின்மூன்றாம் இதழையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கிறது. முதல் பாதியில் மரணம் தன் தம்பியான அரசனை அழைத்துக்கொண்டு அன்றைய வேலைக்குப் போகிறாள்; மறுபாதியில் சாக மறுத்த ஹாப் கேட்லிங்கும் அரசனும் 1389 தொடங்கி நூறாண்டுக்கு ஒருமுறை மதுக்கடையில் சந்திக்கிறார்கள். துரத்தலும் இல்லை, சதியும் இல்லை. முதல் பருவத்தின் உச்சம் அதுவே.

அந்த அத்தியாயமும் மூலத்தை மாற்றத்தான் செய்கிறது. சித்திரக்கதையில் அரசன் 1988இல் விடுதலையாகி, 1989 சந்திப்புக்கு வந்துசேர்கிறான். தொடர் நிகழ்காலத்துக்கு நகர்ந்ததால் சிறைவாசம் நூறாண்டைத் தாண்டுகிறது. 1989இல் ஹாப் தனியாகக் காத்திருக்கிறான், நண்பன் வரவில்லை. மூலத்தில் இல்லாத அந்த வெற்று நாற்காலி மூலத்தைவிட அதிகம் வலிக்கிறது. ஆகவே கேள்வி மாற்றலாமா கூடாதா என்பதல்ல, மாற்றம் எங்கிருந்து முளைக்கிறது என்பது. நாற்காலி கதைக்குள்ளிருந்து வந்தது; வில்லன் தொடர் என்ற வடிவத்தின் பதற்றத்திலிருந்து வந்தான்.

திரை கொடுத்ததையும் சொல்ல வேண்டும். எழுத்தமைப்பாளர் டாட் க்ளைன் அரசனின் பேச்சைக் கறுப்புக் குமிழியில் வெள்ளை எழுத்தாக அமைத்தார். அரசனாக நடித்த டாம் ஸ்டரிட்ஜின் அடங்கிய குரல் அதற்கு ஈடாகவே நிற்கிறது. உலர்ந்த பிணம்போல் வரையப்பட்ட ஜான் டீ என்ற பாத்திரத்துக்கு டேவிட் தியூலிஸ் பரிதாபம் சேர்த்தார். ஆனால் அவன் வரும் உணவகக் கதையில் மணிக்கணக்காக நகரும் கொடூரத்தை எவ்வளவு நேரம் பார்ப்பது, எப்போது பக்கத்தைப் புரட்டுவது என்பது காகிதத்தில் வாசகர் கையில் இருந்தது. திரையில் அந்தக் கடிகாரம் இயக்குநர் கைக்குப் போய்விட்டது. ஓவியம் மாற மாறக் கதையின் தொனி மாறும் ருசியும் ஒரே மாதிரியான ஒளிப்பதிவில் கரைந்தது. ஆயிரம் பூனைகளின் கனவு என்ற கதையை மட்டும் ஹிஸ்கோ ஹுல்சிங் அனிமேஷனாக்கினார். வழி தெரிந்தும் தொடர் அதை இரு வாரம் கழித்து வந்த கூடுதல் அத்தியாயத்துக்கே ஒதுக்கியது.

2025இல் வந்த இரண்டாம் பருவம் பழியை உரியவனிடம் திருப்பிக் கொடுத்தது. நரகத்திலிருக்கும் காதலி, அரசன் தன் கையாலேயே உயிரை முடித்துவைத்த மகன், அதற்குப் பழிவாங்க வரும் தேவதைகள் என்று துன்பியல் நேராக நடக்கிறது. அதற்குக் கொடுத்த விலை கிளைக்கதைகள். மூலத்தில் ஒரு முழுத் தொகுதியின் உயிராக இருந்த வாண்டா, இங்கே ஒரு பயணத்தின் கார் ஓட்டுநராகச் சுருங்கிவிட்டாள். இருபத்து சொச்ச அத்தியாயங்களில் 75 இதழ்களை அடைக்க முடியாது என்பது உண்மை. எதையாவது வெட்டத்தான் வேண்டும். ஆனால் முதல் பருவத்தில் கொரிந்தியனின் சதிக்குச் செலவான நேரம் வாண்டா போன்றவர்களுக்குச் சேர வேண்டியது. அவர்களைப் பார்த்துத்தான் அரசன் மாறினான். அவர்கள் குறையக் குறைய, அவன் முடிவு நமக்குத் தெரிகிறது. அந்த முடிவுக்கு அவன் எப்படி வந்தான் என்பது மங்குகிறது.