முதல் மூன்று நொடி

மச்சான் வாங்க நினைத்த பழைய பிக்கப்பை முதன்முறை பார்க்கப் போனபோது காலை பத்து மணி. பிஒய் 01 நம்பர், நாலு சிலிண்டர் டீசல், பிஎஸ் 4. செல்ஃப் அடித்ததும் ஒரு உறுமலோடு எழுந்து, அப்படியே நிதானத்துக்கு வந்து நின்றது. காது கொடுத்துக் கேட்டும் ஒரு குறை சொல்ல முடியவில்லை. "ராத்திரி நிறுத்தினதுண்ணே, இப்பத்தான் எடுக்கிறேன்" என்றார் விற்பவர். ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி கருவியைச் செருகிப் போனில் பார்த்தேன். கூலன்ட் 58 டிகிரி. உள்ளே போகும் காற்று 31 டிகிரி. இரவெல்லாம் நின்ற வண்டியில் இந்த இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நாங்கள் வருவதற்கு முன்பே யாரோ இன்ஜினைச் சூடு பண்ணி வைத்துவிட்டார்கள்.

இந்த ஒரு வேலைக்காகவே, பழைய வண்டி பார்க்கப் போகிற எவரும் அந்தக் கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். நான் வாங்கியது 700 ரூபாய். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ப்ளூடூத்தில் போனோடு பேசும். ஈஎல்எம் 327 என்ற சிப்பின் நகல்தான் சந்தையில் கிடைக்கும் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. பழைய லோடு வண்டிகள் சிலவற்றோடு இது பேசவே பேசாது. ஆகவே கடைக்காரரிடம் திருப்பித் தரலாமா என்று கேட்டு வாங்குங்கள். கோளாறு என்று வண்டியின் கணினி பதிந்து வைத்திருப்பதை இது சொல்லும், அவ்வளவுதான். இதற்குக் காது கிடையாது. டைமிங் செயின் தளர்ந்து கடகடக்கும்போதும் இது "கோளாறு ஏதுமில்லை" என்றே காட்டும். கேமும் கிராங்க்கும் ஒன்றுக்கொன்று தள்ளிப்போகிற அளவுக்கு முற்றினால்தான் பி 0016 என்று ஒரு குறியீடு வரும். அதற்குள் செலவு எங்கேயோ போயிருக்கும்.

புதுச்சேரியில் ஏது குளிர், இங்கே எதற்குக் கோல்ட் ஸ்டார்ட் பயம் என்று மச்சான் கேட்டான். நியாயமான கேள்வி. மார்கழி விடியலில்கூட நமக்கு 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் இதில் குளிரைவிட முக்கியம் ஆயில். ஆறேழு மணி நேரம் நின்றால் மேலே இருந்த ஆயிலில் பெரும்பகுதி கீழே சம்ப்புக்கு வடிந்துவிடும். சாவி திருப்பியதும் பம்ப் அதை மறுபடி மேலே ஏற்றும்வரை உலோகத்தோடு உலோகம் மோதலாம். அந்தச் சில நொடியில் இன்ஜின் தன் வயதைச் சொல்லிவிடும்.

ஆகவே மறுநாள் விடியற்காலை நாலேகாலுக்குப் போனோம். விற்பவர் வண்டியை இரவில் பெரிய மார்க்கெட்டின் ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம்தான் போடுவார். குபேர் அங்காடி என்று பலகையில் இருந்தாலும் ஊருக்கு அது பெரிய மார்க்கெட்தான். அந்த நேரத்திலேயே மூட்டை இறக்கும் சத்தம், மீன்பெட்டிக்கு ஐஸ் உடைக்கும் சத்தம், பின்வாங்கும் குட்டி யானைகளின் பீப் சத்தம். பானெட் மேல் கையை வைத்தேன், சில்லென்று இருந்தது. கூலன்ட் 26, காற்று 25. இப்போது அடிக்கச் சொன்னேன்.

கடகடவென்று, தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது மாதிரி ஒரு சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடிப்பதற்குள் நின்றுவிட்டது. அதன் அடியிலிருந்து இன்னொரு மெல்லிய கிணுகிணுப்பு வெளியே வந்தது. அது மட்டும் ஐந்து நிமிடம் போல இருந்தது.

போன் வீடியோவில் இந்தச் சத்தம் சரியாக விழாது. போன் தானாகவே ஒலியைக் கூட்டிக் குறைத்து எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் மோசம். வாய்ஸ் ரெக்கார்டரில் பதிந்து, கால்பங்கு வேகத்தில் ஓட்டிக் கேளுங்கள். 800 ஆர்பிஎம்மில் கிராங்க் நொடிக்குப் பதிமூன்று சுற்றுச் சுற்றும், கேம் அதில் பாதி. நொடிக்கு ஆறேழு தட்டு சீராக எண்ண முடிந்தால் டேப்பெட் பக்கம் பாருங்கள். நாங்கள் பதிந்ததில் எண்ணிக்கைக்குள் அடங்கும் தட்டே இல்லை, ஒரே உரசல். அது செயினின் குணம்.

உறுதிப்படுத்தத்தான் மெக்கானிக் ஸ்டெதஸ்கோப். டாக்டர் வைத்திருப்பது போலவே, ஆனால் நுனியில் அரை அடி இரும்புக் கம்பி. 350 ரூபாய் கொடுத்தேன். எங்கள் மெக்கானிக் அண்ணன் நீள ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதெலும்பில் வைத்தே வேலையை முடித்துவிடுவார். முப்பது வருடக் காது அது. எனக்கு மார்க்கெட் இரைச்சலில் ஸ்க்ரூடிரைவர் உதவவில்லை. கம்பியை முன்பக்க டைமிங் கவரில் ஊன்றியபோது மற்ற எல்லாம் அடங்கி அந்தக் கடகடப்பு மட்டும் காதுக்குள் வந்து விழுந்தது. வால்வ் கவரில் வைத்தால் மங்கல், ஆல்டர்னேட்டரில் வைத்தால் வெறும் சுழற்சி. மூன்று நொடிதான் கிடைக்கும் என்பதால் ஒரு விடியலுக்கு ஒரு இடம்தான் கேட்க முடியும். மூன்று நாள் போனோம். துண்டையும் தொங்கும் சட்டைக்கையையும் ஃபேன் பெல்ட் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கிளட்ச்சை மிதித்ததும் சத்தம் மாறினால் கிளட்ச் பேரிங்கையோ கியர்பாக்ஸையோ பாருங்கள். வெள்ளைப் புகையோடு திணறினால் ஹீட்டர் பிளக். சூடேற ஏற, லோடு ஏற ஏறச் சத்தமும் கூடினால் பேரம் பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள், அது கனெக்டிங் ராடு பேரிங்காக இருக்கலாம்.

ஐந்து நிமிடக் கிணுகிணுப்பு சைலன்சர் மேலிருந்த வெப்பத் தகடு. சூடானதும் விரிந்து ஒட்டிக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். மீன் லோடு ஏற்றிய வண்டி, ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் வருடக்கணக்காக ஒழுகி அதன் காதுகளைத் தின்றிருந்தது. கடற்கரை ஊரில் வண்டி வாங்குகிறவர்கள் சேஸிஸை அடியில் படுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

வண்டியின் விலையில் செயின் செலவைக் கழித்துப் பேசி வாங்கினோம். உடனே செயினைப் பிரிக்கவில்லை. "முதல்ல ஃபில்டரப் பாரு தம்பி" என்றார் அண்ணன். கழற்றிய ஆயில் ஃபில்டரின் வாய்க்குள், ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வளையம் காய்ந்த வடுமாங்காய்த் தோல் மாதிரி விறைத்திருந்தது. நல்ல ஃபில்டரும் புது 15டபிள்யூ-40 ஆயிலும் போட்டபின் மூன்று நொடி ஒன்றரையாகக் குறைந்தது. மீதி ஒன்றரை நொடி டென்ஷனரும் செயினும் கேட்கும் கூலி. அதையும் அடுத்த மாதம் மாற்றினோம்.

அந்த ரங்கப்பிள்ளை வீதிக்குப் பெயர் கொடுத்த ஆனந்தரங்கப்பிள்ளை 1736இல் தொடங்கி ஊர்ச் சங்கதியை நாளும் நேரமும் போட்டு எழுதிவைத்தவர். மச்சானுக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தேதி, நேரம், எத்தனை மணி நேரம் நின்றது, கூலன்ட் எத்தனை, சத்தம் எத்தனை நொடி. நேற்றைய வரி: 4.20, ஏழு மணி நேரம், 27, சத்தம் இல்லை. கீழே அவன் கையெழுத்தில், தகட்டுக்குக் கிளாம்ப் வாங்கணும்.